உங்களுக்குத் தெரியுமா? பன்றி இருதயமும் கண்டிக் குரங்கும்

கண்டி ஆஸ்பத்திரி வாசலில் முச்சக்கரவண்டி பிடித்துப் பேராதனைக்குப் புறப்பட்டேன். வண்டி நகரத் தொடங்கியதும் சாரதித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "இருதயம் கிடைக்கலன்னு சனம் ஏன் சேர் காத்துக்கிட்டு கிடக்கணும்? அமெரிக்காவுல பன்றி இருதயத்தையே வச்சிட்டானுங்களே!" நல்ல கேள்விதான். ஆனால் ஐந்தாறு கிலோமீற்றர் ஓடி முடிவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் அந்தப் பதில் இந்த வாரப் பத்தியாகிவிட்டது.

முதலில் நம்ம ஊர்

இலங்கையின் முதலாவது மாற்று இருதயச் சத்திரசிகிச்சை நடந்த இடம் கொழும்பு என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது கண்டியில். 2017 ஜூலையில், அப்போது போதனா வைத்தியசாலையாக இருந்து இப்போது தேசிய வைத்தியசாலையாகிவிட்ட நம்ம பெரியாஸ்பத்திரியில், வைத்தியர் அனில் அபேவிக்ரம தலைமையிலான குழு அதைச் செய்தது. பொருத்தப்பட்டது மனித இருதயம். தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னாட் உலகின் முதலாவது மனித இருதய மாற்றைச் செய்த 1967 டிசம்பர் 3க்கும் இதற்கும் இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இருக்கிறது.

நான்கு மணித்தியாலம்

எடுத்த இருதயத்தை ஐஸில் வைத்துக் காப்பாற்றக்கூடிய நேரம் பொதுவாக நான்கு மணித்தியாலம். நீட்டிப் பிடித்தால் ஆறு. இப்போது வீதிப் படத்தை விரித்துப் பாருங்கள். ஏ-9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. நீளம் 320 கிலோமீற்றருக்குச் சற்று மேல். யாழ்ப்பாணத்தில் ஒருவர் கொடுத்த இருதயம் அந்த வீதி வழியே கண்டிக்கு வந்து சேரும்போது உதவாத தசையாகியிருக்கும். நுவரெலியா பக்கத்தில்தானே இருக்கிறது என்பீர்கள். றம்பொடை வளைவுகளில் ஒரு கொழுந்து லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சென்னையில் 2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற இளைஞனின் இருதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போனது. பொலிஸார் வீதியை வெறுமையாக்கிக் கொடுத்தார்கள். மலைநாட்டில் வீதியை வெறுமையாக்கலாம், வளைவை நிமிர்த்த முடியாது.

பன்றி இருதயத்தின் முதலாவது கவர்ச்சி இங்கேதான். கொட்டிலைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். நாள் குறிக்கலாம். யாரும் விபத்தில் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தைப்பது பிரச்சினையே இல்லை

குருதிக்குழாயோடு குருதிக்குழாயை ஒட்டித் தைக்கும் வித்தையை உலகத்துக்குக் கொடுத்தவர் பிரான்ஸின் அலெக்ஸிஸ் கரெல். லியோன் நகரத்துப் பூத்தையல்காரி ஒருவரிடம் ஊசி பிடிக்கப் பழகினார் என்பது அவரைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் கதை. 1905இல் சிகாகோவில் சார்ள்ஸ் கத்ரியோடு சேர்ந்து ஒரு நாயின் இருதயத்தை இன்னொரு நாயின் கழுத்தில் பொருத்தித் துடிக்கவும் வைத்தார். 1912இல் நோபல் பரிசு. அதாவது தையல் வேலை நூறு வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தையலுக்கு வெளியே உள்ள தலையிடி.

விரலால் தடவிப் பார்க்கும் ஆராய்ச்சி

ஒரு சுண்டெலியின் இருதயம் எவ்வளவு கனம் இருக்கும்? ஒரு கிராமில் ஏழில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்ற அளவுதான். நிமிடத்துக்கு 500, 600 தடவை துடிக்கும். இதை எடுத்து இன்னொரு பிராணியில் பொருத்தும் ஆய்வுகூடங்கள் உலகில் நிறைய உண்டு. நுணுக்குக்காட்டிக்குக் கீழே, தலைமயிரை விட மெல்லிய நூலால் தைக்கிறார்கள்.

நெஞ்சைத் திறந்து பழைய இருதயத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதில்லை. இவ்வளவு சிறிய உடம்பில் அது கைகூடாது. ஆகவே புது இருதயத்தை வயிற்றுக்குள், பெருநாடியோடும் பெருநாளத்தோடும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். எலியின் சொந்த இருதயம் நெஞ்சில் வழக்கம்போல வேலை செய்யும். வந்த இருதயம் வயிற்றில் சும்மா துடித்துக்கொண்டிருக்கும். ஆய்வாளர் காலையில் வந்து எலியைக் கையில் எடுத்து, அடிவயிற்றில் விரலை வைத்துப் பார்ப்பார். துடித்தால் நேற்றைய நாள் கணக்கில் சேரும். துடிப்பு நின்றால் அன்றைக்குத்தான் நிராகரிப்பு. கோடிக்கணக்கில் கருவிகள் இருந்தும், அன்றாடக் கணக்கெடுப்பு இந்த நாடி பிடிக்கும் வேலைதான். நம்ம பரியாரிமார் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

இந்த எலிப் பரிசோதனைகள் சொன்ன பாடம் ஒன்று உண்டு. ஹாம்ஸ்டரின் இருதயத்தை எலிக்கு வைத்தால் மூன்று நான்கு நாள் துடிக்கும். கினிப் பன்றியின் இருதயத்தை அதே எலிக்கு வைத்தால் சில நிமிடத்தில் நின்றுவிடும். மூன்றும் கொறித்துத் தின்னும் பிராணிகள்தான். ஆனால் உறவுமுறையில் ஒன்று பக்கத்து வீடு, மற்றது தூரத்து ஊர்.

கண்ணெதிரே கறுக்கும் இருதயம்

சாதாரணப் பன்றியின் இருதயத்தை ஒரு மனிதருக்கோ பபூன் குரங்குக்கோ வைத்துக் குருதியைத் திறந்துவிட்டால், இளஞ்சிவப்பாக இருந்த இருதயம் சில நிமிடத்தில் வீங்கிக் கருநீலமாகி நின்றுவிடும். காரணம் ஒரு சர்க்கரை. ஆல்ஃபா-கேல் என்று பெயர். பன்றி, மாடு, ஆடு, எலி எல்லாவற்றின் உயிரணுக்களின் மேலும் அது பூசினாற்போல இருக்கும். நம்மிடம் இல்லை. நம் குடலில் வாழும் பக்றீரியாக்களிடம் அதை ஒத்த சர்க்கரை இருப்பதால், பிறந்த சில மாதங்களிலேயே நம் உடம்பு அதற்கு எதிராகப் பிறபொருளெதிரிகளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. குருதியில் ஓடும் பிறபொருளெதிரிகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்று இந்த ஒரே வேலைக்காக நிற்கிறது. பன்றியை வாழ்நாளில் கண்ணாலேயே காணாதவர் குருதியிலும் பன்றிக்கு எதிரான படை தயார்.

இப்போது கண்டிக்கு வருவோம். உடவத்தைக் காட்டிலும் பேராதனைப் பூங்காவிலும் தலையில் வகிடெடுத்த தொப்பி மயிரோடு திரியும் செங்குரங்கு, சிங்களத்தில் ரிலவா, இலங்கையை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். ஆபிரிக்கா, ஆசியாக் குரங்குகளுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் மனிதருக்கும் பொதுவான ஒரு மூதாதை, இரண்டு கோடி வருடத்துக்கும் முன்னர், இந்தச் சர்க்கரையைச் செய்யும் மரபணுவை இழந்துவிட்டது. அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளிடம் அது இன்னும் இருக்கிறது. ஆகவே போன மாதம் என் கையிலிருந்த மாலுபாணைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிய அந்தத் திருடனும் நானும் பன்றி இருதயத்தை ஒரே மாதிரித்தான் நிராகரிப்போம். ஆராய்ச்சியில் பபூனையும் மக்காக்குக் குரங்கையும் மனிதருக்குப் பதிலாக நிறுத்துவதற்கு இதுதான் காரணம்.

ஒரு துணுக்குக்குள் துணுக்கு: அமெரிக்காவில் ஒருவகை உண்ணி கடித்தவர்களுக்கு இதே சர்க்கரையின் மேல் ஒவ்வாமை வந்துவிடுகிறது. அதன் பிறகு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி எதைச் சாப்பிட்டாலும் சில மணித்தியாலத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. கோழி சாப்பிடலாம்.

குரங்கிடமே வாங்கினால் என்ன?

வாங்கிப் பார்த்தார்கள். 1964 ஜனவரி 23, அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி ஒரு சிம்பன்சியின் இருதயத்தை 68 வயது நோயாளிக்குப் பொருத்தினார். மனிதருக்கு முதலில் வைக்கப்பட்ட மாற்று இருதயம் மனித இருதயமே அல்ல என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். நிராகரிப்பு தொடங்க நேரமே இருக்கவில்லை. இருதயம் சின்னது. வந்து சேர்ந்த குருதியை வெளியே தள்ள அதற்குத் தெம்பு போதவில்லை. ஒன்றரை மணித்தியாலம் அளவில் முடிந்துவிட்டது. உறவினர் கையெழுத்துப் போட்ட தாளில் மிருக இருதயம் என்ற சொல்லே இருக்கவில்லை என்பது இந்தக் கதையின் அசிங்கமான பகுதி.

1977இல் பர்னாடும் முயன்றார். நோயாளியின் சொந்த இருதயத்தை எடுக்காமல், துணைக்கு ஒன்றாகப் பக்கத்தில் பொருத்தினார். பபூன் இருதயம் சில மணித்தியாலம். சிம்பன்சி இருதயம் 4 நாள். கொல்லப்பட்ட சிம்பன்சியின் சோடி நாட்கணக்காக அழுததைக் கண்டு, இனி இந்தப் பிராணிகளைத் தொடுவதில்லை என்று தீர்மானித்ததாகப் பர்னாட் பின்னாளில் எழுதினார்.

1984 ஒக்ரோபர் 26, கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் லெனார்ட் பெய்லி, இருதயத்தின் இடப்பக்கம் வளராமல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குப் பபூன் இருதயத்தை வைத்தார். உலகம் அவளை 'பேபி ஃபே' என்று அறிந்தது. நவம்பர் 15இல் இறந்துபோனாள். அவள் குருதி ஓ வகை. பபூன்களில் ஓ வகை கிடைப்பது மிக அரிது. நம் குருதி வங்கியில் ஒரு பைன்ட் கொடுப்பதற்கு முன் தாதி கேட்கும் முதல் கேள்விதான் அங்கே இடித்தது. அடுத்த வருடம் அதே பெய்லி ஒரு பச்சைக் குழந்தைக்கு மனிதக் குழந்தையின் இருதயத்தை வைத்தார். அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்தது.

குரங்கினங்களை விட்டுப் பன்றிக்குப் போனதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. சிம்பன்சி அழிந்துவரும் இனம். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் ஐந்தாறு வருட இடைவெளி. எச்.ஐ.வி. வைரஸின் மூலமே சிம்பன்சியில் இருந்து வந்தது. உறவு நெருங்க நெருங்க, நோய் தாவுவதும் சுலபமாகிறது. பன்றியோ 114 நாளில் ஈனும், ஒரே ஈற்றில் பத்துக் குட்டி போடும். இருதயத்தின் பருமனும் நமக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும்.

அசாமில் ஒரு புத்தாண்டு

பன்றி இருதயம் மனிதருக்கு என்றதும் எல்லோரும் 2022 அமெரிக்காவைச் சொல்கிறார்கள். அதற்கு இருபத்தைந்து வருடத்துக்கு முன், 1997 ஜனவரி 1ஆம் திகதி, அசாமின் குவாஹாட்டிக்குப் பக்கத்தில் சோனாபூரில், தனிராம் பருவா என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 32 வயது நோயாளி ஒருவருக்குப் பன்றியின் இருதயத்தைப் பொருத்தினார். ஹொங்கொங்கில் இருந்து ஒரு சத்திரசிகிச்சை நிபுணரும் வந்து சேர்ந்துகொண்டார். நோயாளி 7 நாள் உயிரோடு இருந்தார். பிறகு பருவாவைக் கைது செய்து, இந்தியாவின் 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் 40 நாள் சிறையில் வைத்தார்கள்.

பருவா கிளாஸ்கோவில் பயின்றவர், கையில் வேலை உள்ளவர். ஆனால் மேலே சொன்ன சர்க்கரைப் பிரச்சினைக்கு 1997இல் உலகில் எவரிடமும் விடை கிடையாது. அந்தச் சர்க்கரை இல்லாத பன்றி பிறந்ததே 2002இல்தான். செம்மறியாட்டுக் குட்டி டொலியைப் பிரதியெடுத்ததில் பங்கெடுத்த நிறுவனத்தின் வேலை அது. பருவாவிடம் இருந்தது சாதாரணப் பன்றி, மற்ற நிபுணர்கள் சரிபார்க்காத ஒரு முறை. தைரியத்தை மெச்சுகிறவர்கள் இப்போதும் உண்டு. என் கணக்கில் அது நோயாளியின் உயிரை முன்பணமாக வைத்த தைரியம்.

வளர்ந்துகொண்டே போகும் இருதயம்

இது எனக்கு மிகவும் பிடித்த துணுக்கு. ஜேர்மனியின் மியூனிக்கில் புரூனோ ரைஹார்ட் குழு, மரபணு மாற்றிய பன்றிகளின் இருதயங்களைப் பபூன்களின் நெஞ்சில், பழையதை எடுத்துவிட்டு, பொருத்திப் பார்த்தது. முதல் தொகுதிக் குரங்குகளில் பெரும்பாலானவை சில நாளில் செத்துப்போயின. நிராகரிப்பைத் தேடினார்கள், இல்லை. பன்றி இருதயத்துக்கு ஐஸ்பெட்டி ஒத்துவரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மனித இருதயம் தாங்குகிற குளிர்ப் பயணத்தில் அது சோர்ந்துவிடுகிறது. ஆகவே 8 பாகை குளிரில், குருதி கலந்த திரவத்தை விடாமல் ஓடவிட்டு ஊட்டியபடி கொண்டுபோனார்கள்.

இரண்டாவது தொகுதி சில வாரம் இருந்தது. ஈரல் கெட்டுச் செத்தது. திறந்து பார்த்தால், இருதயம் ஊதிப்போயிருந்தது. பன்றி என்றால் சில மாதத்தில் நூறு கிலோவைத் தாண்டும் பிராணி. அதன் இருதயம் குரங்கின் நெஞ்சுக்குள் இருந்துகொண்டும், தான் ஒரு பன்றிக்குள் இருப்பதாகவே எண்ணி வளர்ந்திருக்கிறது. பபூனின் எடையோ இருபது கிலோ அளவில். இடம் போதவில்லை. பக்கத்து உறுப்புகளையும் நெருக்கித் தன்னையும் நெருக்கிக்கொண்டது.

மூன்றாவது தொகுதிக்கு இரத்த அழுத்தத்தைக் குறைத்தார்கள், ஸ்டீரொயிட்டைச் சீக்கிரம் குறைத்தார்கள், வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து ஒன்றும் கொடுத்தார்கள். ஒரு பபூன் 195 நாள் வாழ்ந்தது. 2018 டிசம்பரில் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. மனிதருக்கு வைக்கலாம் என்ற நம்பிக்கை உலகுக்கு வந்தது அந்த 195க்குப் பிறகுதான்.

945 பெரிதா, 195 பெரிதா?

195தான். 2016இல் முஹம்மது முஹையுதீன் குழு ஒரு பன்றி இருதயத்தைப் பபூனில் 945 நாள் துடிக்க வைத்ததாக அறிவித்தது. ஆனால் அது வயிற்றில் வைத்த இருதயம், எலிக் கதையில் சொன்னோமே, அது போல. உயிரைத் தாங்கும் பொறுப்பு அதற்கு இல்லை. செய்தித் தலைப்பில் நாள் எண்ணிக்கையைக் கண்டால், நெஞ்சிலா வயிற்றிலா என்று முதலில் கேளுங்கள்.

கொஞ்சம் கொகேயின்

பன்றி இருதயத்தை உயிர்ப்போடு வைத்த அந்தத் திரவம் சுவீடன் நாட்டுத் தயாரிப்பு. அதில் ஓமோன்களோடு சிறிதளவு கொகேயினும் சேர்ந்திருக்கிறது. ஆகவே அமெரிக்க ஆய்வாளர்கள் அதைத் தருவிக்கும்போது போதைப்பொருள் அதிகாரிகளின் அனுமதியும் தேவைப்பட்டது. கட்டுநாயக்காவில் இந்தப் பெட்டி வந்து இறங்கினால் நம்ம சுங்கக்காரர் என்ன கேட்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நாலு காலில் நிற்கும் நெஞ்சு

படத்தில் பார்த்தால் பன்றி இருதயமும் மனித இருதயமும் இரட்டைப் பிள்ளைகள். கத்தி வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். பன்றியின் நெஞ்சு படகின் அடிப்பக்கம் போலக் கூரானது. மனித நெஞ்சு தட்டையானது. குழாய்கள் புறப்படும் கோணம் வேறு. பன்றியில் இடப்பக்கத்து நாளம் ஒன்று நேரே இருதயத்தின் நாளக்குழிக்குள் வந்து திறக்கிறது. பொருத்தும்போது அதை மறக்காமல் கட்டிவிட வேண்டும். நாலு காலில் நின்ற உடம்புக்குக் குருதி தள்ளிப் பழகிய இருதயம், நிமிர்ந்து நிற்கும் உடம்பின் தலைக்கும் தள்ள வேண்டும். பன்றியின் உடல் வெப்பம்கூட நம்மைவிட இரண்டு பாகை அளவில் அதிகம்.

இவையெல்லாம் சரிவந்தாலும் குருதி உறைவது தனிப் பிரச்சினை. உறையாமல் பார்த்துக்கொள்ளும் பன்றிப் புரதம் மனிதக் குருதியோடு சரியாகப் பேசாது. இருதயத்தின் நுண்குழாய்களில் சின்னச் சின்னக் கட்டிகள் படியத் தொடங்கும். அதற்கும் மனித மரபணுவைச் செருக வேண்டியதாயிற்று.

பல்டிமோரில் இருவர்

2022 ஜனவரி 7. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் பார்ட்லி கிரிஃபித்தும், மேலே சொன்ன முஹையுதீனும். முஹையுதீன் கராச்சியில் மருத்துவம் படித்தவர், முஸ்லிம். பன்றி இருதய ஆராய்ச்சிக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். நோயாளி டேவிட் பெனெட், வயது 57. பன்றியில் 10 மரபணு மாற்றம்: மூன்று சர்க்கரைகள் நீக்கம், வளர்ச்சி ஓமோனை ஏற்கும் மரபணு நிறுத்தம் (மியூனிக் பாடம்!), ஆறு மனித மரபணுக்கள் சேர்ப்பு. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 8இல் பெனெட் காலமானார்.

அவருடைய குருதியில் பன்றியின் சைற்றோமெகலோ வைரஸின் தடயம் கிடைத்தது. கொடையாளிப் பன்றியை முன்கூட்டிச் சோதித்தே இருந்தார்கள். சோதனையில் அகப்படாமல் வைரஸ் உறங்கியபடி வந்துவிட்டது.

2023 செப்டம்பர் 20இல் இரண்டாமவர், லோரன்ஸ் ஃபோசெட், வயது 58. ஏறக்குறைய ஆறு வாரம்.

வௌவாலும் பன்றியும்

பேராதனைப் பூங்காவில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைப் படம் பிடிக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. அவற்றின் உறவினர் மலேசியாவில் 1998-99இல் செய்த காரியம்: பண்ணைகளின் மேலே நின்ற பழமரங்களில் வௌவால்கள் தின்றுவிட்டுப் போட்ட பழத்தில் இருந்து நிபா வைரஸ் பன்றிக்கு, பன்றியில் இருந்து மனிதருக்கு. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பத்து இலட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. இதனால்தான் உறுப்புக்கு வளர்க்கும் பன்றி வெட்டவெளியைக் காண்பதே இல்லை. வடிகட்டிய காற்று, கிருமி நீக்கிய உணவு, குளித்து உடை மாற்றிய பின்பே உள்ளே போகும் ஊழியர். 2024 இறுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைப் பண்ணைகளை எப்படிக் காலி பண்ணியது என்பதைப் பார்த்தவர்களுக்கு, இப்படி ஒரு கொட்டிலை இங்கே நடத்துவது எவ்வளவு செலவான கனவு என்று சொல்லத் தேவையில்லை. (அந்தக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது.)

சுத்தமான கொட்டிலாலும் தடுக்க முடியாத வைரஸ் ஒன்று உண்டு. அது பன்றியின் மரபணுவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. பிரித்தானியாவின் ரொபின் வைஸ் குழு 1997இல், அது ஆய்வுகூடக் கிண்ணத்தில் மனித உயிரணுவைத் தொற்றும் என்று காட்டியதும் ஆராய்ச்சியே பல வருடம் மந்தமானது. நோயாளி எவரிலும் அது நோயை உண்டாக்கியதாக இதுவரை கண்டறியப்படவில்லை.

ஒரு இலட்சம் குரங்கு

2023 ஏப்ரலில் அப்போதைய விவசாய அமைச்சர், ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவின் மிருகக்காட்சிச் சாலைகளுக்கு அனுப்புவது பற்றிப் பேசினார். இத்தனை குரங்கை வைக்க எத்தனை காட்சிச் சாலை வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள், இது ஆய்வுகூடத்துக்குப் போகும் சரக்கு என்று சந்தேகப்பட்டார்கள். சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். ஏற்றுமதி செய்வதில்லை என்று அரசு தரப்பு அங்கே அறிவித்தது. இந்தியா 1978இலேயே ஆராய்ச்சிக்கான குரங்கு ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. தென்னையையும் மரக்கறியையும் குரங்கிடம் பறிகொடுத்த கண்டி விவசாயியின் கோபம் நியாயமானது. ஆனால் மிருக வதையைத் தடுக்க இந்த நாட்டில் இயற்றிய கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது, அதில் போட்ட தண்டம் 100 ரூபா. இந்த இலட்சணத்தில் கூண்டைத் திறந்து ஏற்றிவிட்டால், அந்தப் பக்கம் யார் எண்ணப்போகிறார்கள்?

நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் இருப்பதும் பேராதனையில்தான். வீதிக்கு இந்தப் பக்கம் குரங்கு, அந்தப் பக்கம் அதைப் படித்தவர்கள்.

ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட பன்றி

முழு இருதயம் வராவிட்டாலும், பன்றி இருதயத்தின் வால்வு மனித நெஞ்சுக்குள் வந்து அறுபது வருடமாகிறது. 1965இல் பாரிஸில் முதலில் வைத்தார்கள். பிறகு அலன் கார்ப்பாந்தியே அதைக் குளூற்றரல்டிகைட்டில் பதப்படுத்தும் முறையைக் கண்டார். தோல் பதனிடுவது மாதிரித்தான்: உயிர் போய்விடும், உருவம் நிற்கும், உடம்பு அதை அடையாளம் காணாது. மனம் ஒப்பாதவர்களுக்கு உலோக வால்வு இருக்கிறது; அதற்கு ஆயுள் முழுக்க, குருதி உறையாமல் தடுக்கும் வாபரின் மாத்திரையும் மாதாமாதம் குருதிச் சோதனையும். உயிர் காக்க வேறு வழியில்லாதபோது பன்றிப் பொருளை ஏற்கலாம் என்று இஸ்லாமிய அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். சைவக்காரர்கள் நம்மிடம் இதைப் பற்றி யாரும் தீர்ப்புக் கேட்பதில்லை. தனித்தனியாக வைத்தியரின் காதுக்குள் கேட்டுக்கொள்கிறோம்.

கண் கொடுத்த நாடு

வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான சங்கம், 1964இல் இருந்து இலங்கையர் கண்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிவருகிறது. கண்ணின் கருவிழிப் படலத்தில் குருதிக்குழாய் கிடையாது, ஆகவே நிராகரிப்பு குறைவு. இறந்து சில மணித்தியாலம் கழித்தும் எடுக்கலாம். இருதயம் அப்படியல்ல. மூளை இறந்து, இருதயம் இன்னும் துடிக்கும்போதே, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து எடுத்தாக வேண்டும். துடிக்கிற நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தாயிடம் போய் வைத்தியர் அதைக் கேட்க வேண்டும். உலகத்துக்குக் கண் கொடுத்த நாட்டில் இருதயம் கிடைக்காமல் போவது அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவடியில்தான்.

சாரதித் தம்பிக்குப் பதில்

வச்சிட்டானுங்கதான், தம்பி. இருவருக்கு. இருவரும் மூன்று மாதத்தை எட்டவில்லை. பன்றிச் சிறுநீரகம் கொஞ்சம் முன்னுக்குப் போய்விட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் வைத்த ஒன்று 271 நாள் வேலை செய்தது. சிறுநீரகம் நின்றால் இயந்திரத்தில் போட்டுச் சமாளிக்கலாம். இருதயம் நின்றால் அந்த அவகாசம் கிடையாது. கண்டியில் இப்போது காத்திருக்கும் ஒருவருக்குப் பன்றி வந்து உதவப் போவதில்லை. கொடுக்கலாமா என்று அந்தக் கதவடியில் கேட்கும்போது தலையாட்ட வேண்டியது நம் வீட்டார். உங்கள் விருப்பம் என்னவென்று அவர்களுக்குத் தெரியுமா? இன்றிரவு சோற்றுக்கு உட்காரும்போது சொல்லி வையுங்கள்.